உடல்நலப் பரிசோதனை: குடும்ப வரலாற்றிலிருந்து இரண்டாவது சந்திப்பு வரை, சிங்கப்பூர்வாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளாகத் தொண்டூழியராக, எங்கள் வட்டாரத்து மூத்தோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்று வருகிறேன். ஊசிக்குப் பயந்து பின்வாங்கியவர்கள் மிகக் குறைவு. முன்னேற்பாடு இல்லாமல் வந்தவர்களும், ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு கேட்கத் திரும்பாதவர்களுமே அதிகம். ரத்தம் எடுப்பது இந்த வேலையின் நடுப்பகுதி மட்டுமே என்பதால், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. இது யாருக்கான வழி என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நோயறிகுறி எதுவும் இல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரிடம் மறைந்திருக்கும் நோயைக் கண்டறிவதே வழக்கமான உடல்நலப் பரிசோதனை. நெஞ்சுவலி, மலத்தில் ரத்தம், மார்பில் கட்டி, காரணமின்றி எடை குறைவது போன்ற அறிகுறி இருப்பவர் பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி என்றால் 995ஐ அழைக்க வேண்டும். அறிகுறி உள்ளவருக்குத் தேவைப்படும் சோதனைகள் வேறு, அவற்றின் அவசரமும் வேறு.

இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி காண்கிறேன். வேலை அனுமதிச் சீட்டுக்காகச் செய்யப்படும் மருத்துவச் சோதனையில் தேறியதால், உடல் முழுவதும் நலமாக இருப்பதாகச் சான்று கிடைத்துவிட்டது என்று நம் ஊழியர்கள் பலர் நினைக்கிறார்கள். காசநோய் போன்ற தொற்றுநோய்களைக் கண்டறிவதே அந்தச் சோதனையின் முக்கிய நோக்கம். உங்கள் கொழுப்பு அளவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. விடுதிகளில் தங்கியிருக்கும் ஊழியர்களுக்கு 2022 ஏப்ரல் முதல் அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டம் ஒன்று நடப்பில் உள்ளது. நாட்பட்ட நோய்களுக்கான பரிசோதனையை அதன்கீழ் எப்படிப் பெறுவது என்று நிறுவன மேலாளரிடமோ, திட்டத்தில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவ நிலையத்திலோ கேளுங்கள்.

2. குடும்ப வரலாற்றை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்

முன்பதிவு செய்வதற்கு முந்திய வேலை இது. எந்தப் பரிசோதனை, எந்த வயதில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை முடிவு செய்வதில் குடும்ப வரலாற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதே காரணம்.

ஒரு தாளில் தந்தை, தாய், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு வந்த நோயையும், எந்த வயதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். வயது மிக முக்கியம். தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர் அதைத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார். குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால், 50 வயது வரை காத்திருக்கச் சொல்லாமல் முன்கூட்டியே தொடங்கச் சொல்லக்கூடும்.

“அப்பா ஊரில் திடீரென்று தவறிவிட்டார், என்ன நோய் என்று தெரியாது” என்பது நம்மிடையே வழக்கமான பதில். ஊரில் இருக்கும் அத்தையையோ சித்தப்பாவையோ ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, இறப்பதற்கு முன் அவருக்கு என்ன தொல்லை இருந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டார், காலில் புண் ஆறாமல் இருந்ததா என்று கேளுங்கள். நோயின் பெயர் தெரியாதவர்களும் மாத்திரையையும் புண்ணையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

பெண்கள் தங்கள் பிள்ளைப்பேற்றுக் காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும். கர்ப்பத்தின்போது சர்க்கரை ஏறி, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்டது என்றால், பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். 20 ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி என்று பலர் அதைச் சொல்வதே இல்லை.

இதனுடன் பழைய அறிக்கைகளையும் ஒரே உறையில் போடுங்கள். நான் அழைத்துச் சென்ற ஒரு மாமா, பிஸ்கட் டின்னில் 9 ஆண்டு அறிக்கைகளை அடுக்கி வைத்திருந்தார். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஒவ்வோர் அறிக்கையிலும் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால், வரிசையாக வைத்துப் பார்த்த மருத்துவர், அது ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக ஏறி வருவதைக் கண்டு, அன்றே சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கடைசி அறிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

3. எந்தப் பரிசோதனை என்பதை முடிவு செய்யுங்கள்

பல சோதனைகளைச் சேர்த்துப் பெரிய பொட்டலமாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கேதான் தவறான வழியில் இழுக்கிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு சுகாதார அமைச்சு பொதுவாகப் பரிந்துரைப்பவை சிலவே.

40 வயதிலிருந்து ரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முந்தைய முடிவு எல்லைக்கோட்டில் இருந்தால் மருத்துவர் இடைவெளியைக் குறைப்பார். 50 வயதிலிருந்து ஆண்களும் பெண்களும் ஆண்டுதோறும் மலத்தில் மறைந்துள்ள ரத்தத்துக்கான சோதனையைச் செய்ய வேண்டும். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக 25 முதல் 29 வயது வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பேப் சோதனையும், 30 வயதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி சோதனையும் உண்டு. மார்பகத்துக்கான ஊடுகதிர்ப் படமான மேமோகிராம் 50 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 40 முதல் 49 வயதுப் பெண்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம்.

18 முதல் 39 வயது வரையிலானவர்கள் முதலில் ஹெல்த்ஹப் இணையத்தளத்தில் நீரிழிவு அபாய மதிப்பீட்டுக் கேள்விகளுக்குப் பதில் அளிக்கலாம். இடுப்புச் சுற்றளவும் குடும்ப வரலாறும் நம் இளையர்களுக்குப் பெரிய விஷயங்கள். சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொடும்போதே அபாயம் கூடத் தொடங்குவதாகவும், 27.5 என்றால் அபாயம் அதிகம் என்றும் கணக்கிடப்படுகிறது. மேலைநாட்டு அட்டவணையில் 25 வரை வழக்கமான எடை என்று பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

இனி, 60 அல்லது 80 அம்சங்கள் கொண்ட தனியார் பொட்டலங்கள். ஆய்வுக்கூட அறிக்கையில் காணும் வழக்கமான வரம்பு, பெரும்பாலும் நலமாக இருப்பவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகளை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவருக்கு ஒரு சோதனையின் முடிவு வரம்புக்கு வெளியே விழும். ஒன்றுடன் ஒன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நேரத்தில் செய்தால், நலமானவருக்கும் குறைந்தது ஒன்றாவது வரம்பு தாண்டும் வாய்ப்பு 64 விழுக்காடு. அதன்பின் மறுசோதனை, ஸ்கேன், நிபுணர், உறக்கமில்லாத இரவுகள் என்று அது நீளும்.

புற்றுநோய்க் குறியீடுகள் எனப்படும் சிஇஏ, சிஏ 125, சிஏ 19-9 போன்ற ரத்தச் சோதனைகள் பல பொட்டலங்களில் கவர்ச்சிப் பொருளாக வைக்கப்படுகின்றன. இவை ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்கப் பெரிதும் உதவுபவை. நலமானவர்களிடம் புற்றுநோயைத் தேடுவதற்கு ஏற்றவை அல்ல. வேறு காரணங்களாலும் இவை ஏறும், புற்றுநோய் இருந்தும் ஏறாமலும் இருக்கும். 80 அம்சப் பொட்டலம் வாங்கிய ஒரு குடும்பத்தில், அவற்றில் மலச் சோதனை இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் இருவர் 50 வயதைக் கடந்தவர்கள்.

4. மருத்துவரையும் கட்டணத்தையும் உறுதிசெய்யுங்கள்

40 வயதைக் கடந்த சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். சிங்பாஸ் வழி ஹெல்த்ஹப் செயலியில் செய்யலாம். கைப்பேசி பழகாத மூத்தோருக்கு மருந்தகத்தில் உதவி கேட்கலாம். பதிந்துகொண்ட சிங்கப்பூரர்களுக்கு, அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்தகத்தில் பரிந்துரைக்கப்பட்ட அடிப்படைப் பரிசோதனைகள் முழு மானியத்துடன் கிடைக்கின்றன.

பதிந்துகொள்ளாதவர்களுக்கு சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஸ்கிரீன் ஃபார் லைஃப் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள சிங்கப்பூரர்கள் பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் அதற்குப் பிந்திய முதல் மருத்துவச் சந்திப்புக்கும் சேர்த்து அதிகபட்சம் 5 வெள்ளி செலுத்துகிறார்கள். சாஸ் எனும் மருத்துவ மானியத் திட்டத்தின் நீல, ஆரஞ்சு அட்டைதாரர்களுக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் 2 வெள்ளி. முன்னோடித் தலைமுறையினருக்குக் கட்டணம் இல்லை. மேமோகிராமுக்குக் கட்டணம் தனி.

வீட்டுக்கு அருகில் இருக்கும் மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் அங்கே குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். வேலையிடத்துக்கு அருகே, மலிவாகக் கிடைத்தது என்று தீவின் மறுகோடியில் செய்தவர்கள் இரண்டாம் முறை போவதில்லை. தமிழில் பேசும் ஊழியர் எந்த நேரத்தில் இருப்பார் என்றும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வாரநாள் காலை நேரங்களில் இருப்பவர் சனிக்கிழமை இல்லாமல் இருக்கலாம்.

நோய் தெரியவந்தால் காப்புறுதி கிடைக்காதே என்று தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று. மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பர் முதல் எல்லாச் சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிகளுக்கும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் சேர்த்து, காப்புறுதி அளிக்கிறது. தனியார் காப்புறுதி வேறு கதை. ஆனால், பார்க்காமல் விட்டதால் சர்க்கரை இறங்கிவிடப்போவதில்லை.

5. தேதியைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும்போதும், அண்மையில் கடும் நோய்வாய்ப்பட்டுத் தேறிவரும்போதும் வழக்கமான பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். நோயின் அழுத்தத்தில் சர்க்கரை ஏறும், கொழுப்பின் அளவும் மாறும். மாதவிடாய் நாள்களில் பேப் சோதனையும் மலச் சோதனையும் வேண்டாம். மேமோகிராமை மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் வைத்துக்கொண்டால் மார்பில் வலி குறைவாக இருக்கும்.

தீபாவளிக்கு மறுவாரம் வேண்டாம் என்று சொல்வேன். ஒரு வாரம் பலகாரமும் விருந்துமாக இருந்துவிட்டு வந்தால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எகிறி நிற்கும். அதேபோல், தைப்பூச விரதம் முடிந்த கையோடு பரிசோதித்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் உண்ணும் உணவின் நிலவரம் தெரியாது. பரிசோதனைக்காகவே நான்கு நாள் பத்தியம் இருப்பதும் இதே தவறுதான். மருத்துவர் பார்க்க வேண்டியது உங்கள் வழக்கமான வாழ்க்கையின் ரத்தத்தை.

6. முந்தின இரவும் அன்று காலையும்

எங்கள் கையில் அதிகம் கெட்டுப்போகும் கட்டம் இது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்புச் சோதனைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் வரை எதுவும் உண்ணக் கூடாது. இரவு 10 மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் காலை 8 மணிக்குச் சரியாக இருக்கும். மாலை 6 மணிக்கே சாப்பிட்டுவிட்டு மறுநாள் 11 மணிக்கு வருவதும் நல்லதன்று. நீண்ட நேரப் பட்டினி சில அளவுகளை மாற்றும், மூத்தோருக்குத் தலைசுற்றும்.

தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வந்தால் நரம்பு எழும்பாது, இரண்டு மூன்று இடத்தில் குத்த நேரும். ஆனால், தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர். ஓர் அம்மா மூன்று முறை கேட்டபோதும் “ஒன்றுமே சாப்பிடவில்லை” என்று உறுதியாகச் சொன்னார். உடன்வந்த மகள்தான், “காலையில் வெந்தயத் தண்ணீர் குடித்தீர்களே” என்றார். ஊறவைத்த வெந்தயத்தையும் மென்று விழுங்கியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. வெந்தயத் தண்ணீர் அவர் கணக்கில் மருந்து, சாப்பாடு இல்லை. அன்றிலிருந்து, “என்ன சாப்பிட்டீர்கள்” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டீர்கள்” என்று கேட்கிறேன். தேன் கலந்த எலுமிச்சைச் சாறு, சுக்குக் கோப்பி, வழியில் கோயிலில் வாங்கிய பிரசாதம், வெற்றிலை, இருமல் மிட்டாய் எல்லாம் அப்போதுதான் வெளிவருகின்றன. பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங்கும் கூடாது. சிகரெட்டும் கூடாது.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் அதை மறைக்காதீர்கள். சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, கொழுப்புச் சோதனையையும் சில வேளைகளில் சாப்பிட்ட பின் எடுக்கலாம். எதை எடுப்பது, எதற்கு வேறு நாள் வருவது என்று ஊழியர் முடிவு செய்வார். மறைத்தால்தான் தவறான எண் உங்கள் பதிவில் ஏறும்.

மருந்துகள் பற்றி முன்பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாக, ரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீருடன் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு பட்டினியாக வரக் கூடாது. சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அவற்றைக் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்தபின் உணவுடன் எடுத்துக்கொள்வதே வழக்கம், என்றாலும் உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகள் தைராய்டு சோதனையின் எண்ணைத் திரித்துவிடும் என்பதால் அதையும் சொல்லுங்கள். ஊரிலிருந்து வரவழைத்த சித்த, ஆயுர்வேத மருந்துகளைப் பாட்டிலோடு கொண்டுவாருங்கள், பெயரைச் சொன்னால் போதாது.

முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். தசையிலிருந்து கசியும் நொதிகள் கல்லீரல் சோதனையின் ஏஎஸ்டி அளவையும் உயர்த்திக் காட்டும்.

மேமோகிராமுக்குப் போகும் காலையில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் திரவம் பூசாதீர்கள். படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்து, சுண்ணாம்புப் படிவம் என்று மயங்க இடமுண்டு.

பையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, சாஸ் அட்டை, மருந்துகள், குடும்ப வரலாற்றுத் தாள், பழைய அறிக்கைகள், ரத்தம் கொடுத்தபின் சாப்பிட இரண்டு இட்லியோ ரொட்டியோ.

7. மருந்தகத்தில்

முதலில் கழிவறைக்குச் சென்று வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை ரத்த அழுத்தத்தை ஏற்றிக் காட்டும். அதன்பின் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால்களைக் குறுக்கே போடாதீர்கள். அழுத்தம் அளக்கும் கருவியின் பட்டையை வெறுங்கையில், கை இதயத்தின் மட்டத்தில் இருக்குமாறு மேசைமேல் வைத்துச் சுற்ற வேண்டும். இறுக்கமான சட்டைக் கையையோ ரவிக்கைக் கையையோ சுருட்டி மேலே தள்ளினால் அதுவே கையை நெரிக்கும். தளர்வான கையுள்ள உடை அணிந்து வருவது இதற்காகத்தான். அளக்கும்போது பேசக் கூடாது. பேருந்தை விட்டு இறங்கி ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டுபவருக்கு மருந்தகத்தில் 150 காட்டியதையும், கால்மணி நேரம் கழித்து 132க்கு இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். முதல் எண் உயர்ந்திருந்தால் இரண்டாம் முறை அளக்கக் கேட்பதில் தவறில்லை.

ரத்தம் எடுக்கும்போது குழாய்களின் மூடி நிறங்களைக் கவனித்திருப்பீர்கள். ஊதா மூடி ரத்த அணுக்களுக்கும் எச்பிஏ1சிக்கும், சாம்பல் மூடி சர்க்கரைக்கு, மஞ்சள் மூடி கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரலுக்கு என்பது பொதுவான வழக்கம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வேதிப்பொருள் இருப்பதால்தான் ஒரே ரத்தத்தை இத்தனை குழாய்களில் நிரப்புகிறார்கள். இவ்வளவு ரத்தமா என்று பதறும் மூத்தோரிடம், மூன்று குழாயும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டிதான் என்று சொன்னால் அமைதியாகிவிடுவார்கள்.

குழாயில் ஒட்டும் சீட்டை நீங்களே படித்துப் பாருங்கள். நம் பெயர்களுக்கு இது கூடுதலாகத் தேவை. சொந்தப் பெயரும் தந்தை பெயரும் த/பெ என்று சேர்ந்து நீண்டு வரும் நம் பெயர்கள் சீட்டில் பாதியில் வெட்டுப்படும். ஒரே காலையில் ஒரே முதற்பெயருடன் இருவர் வரிசையில் நிற்பதும் நடக்கும். ஒருமுறை ஒருவரை அவருடைய தந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தபோது, அது தன் பெயரும் ஆகையால் வேறொருவர் எழுந்து சென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊழியர் பிறந்த தேதியைக் கேட்டதால் தப்பியது. அடையாள அட்டையின் கடைசி எண்களும் பிறந்த தேதியும் சரியா என்று பார்த்த பிறகே கையை நீட்டுங்கள். மயக்கம் வரும் பழக்கம் இருந்தால் படுத்துக்கொண்டு கொடுக்கலாம், முன்னரே சொல்லிவிட வேண்டும்.

எடுத்து முடிந்ததும் முழங்கையை மடக்காமல், கையை நீட்டியபடி பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்துங்கள். மடக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து நீலம் பாரிக்கும்.

8. வீட்டில் எடுக்கும் மலச் சோதனை

சோதனைப் பையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவதே இங்கே பெரிய தவறு. பைக்குக் காலாவதித் தேதி உண்டு. வாங்கிய வாரமே செய்துவிடுங்கள்.

வழக்கமாக இரண்டு குழாய்கள் தருவார்கள், இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுக்க வேண்டும். குடலில் உள்ள கட்டி எல்லா நாளும் ரத்தம் கசிவதில்லை என்பதே இதற்குக் காரணம். ஒரே நாளில் இரண்டையும் நிரப்பினால் இரண்டாவது குழாய் வீண். மலம் கழிவறைத் தண்ணீரைத் தொடக் கூடாது. கூடவே தரும் தாளை விரித்துப் பிடியுங்கள். குச்சியின் நுனியால் மலத்தின் பல இடங்களில் சுரண்டி, பள்ளங்கள் நிரம்பும் அளவுக்கு எடுத்தால் போதும், அள்ளித் திணிக்க வேண்டாம். தேதியை எழுதி, குறிப்பில் சொன்ன நாளுக்குள் அனுப்புங்கள்.

9. அறிக்கையை வாசிக்கும் முறை

முடிவு பல வேளைகளில் மருத்துவரைச் சந்திப்பதற்கு முன்பே ஹெல்த்ஹப் செயலியில் தெரிந்துவிடும். பார்த்ததும் படமெடுத்து ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்புவது நம் வழக்கம். அங்கேதான் அலகுக் குழப்பம் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் சர்க்கரையும் கொழுப்பும் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று தரப்படுகின்றன. இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். சர்க்கரையை 18ஆலும், கொழுப்பை 38.7ஆலும், டிரைகிளிசரைடை 88.6ஆலும் பெருக்கினால் இந்திய எண் கிடைக்கும். இங்கே 7.0 என்பது அங்கே 126. கிரியேட்டினினை மட்டும் 88.4ஆல் வகுக்க வேண்டும். இங்கே 97 என்று பார்த்து ஊரில் அலறிவிடுவார்கள், அது அவர்கள் கணக்கில் 1.1தான்.

எச்பிஏ1சியை எதனாலும் பெருக்காதீர்கள். அது விழுக்காடு, இரண்டு நாடுகளிலும் ஒன்றே. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டுகிறது. 6.4 என்று வந்ததை ஒருவர் 18ஆல் பெருக்கி, “115தான், பரவாயில்லை” என்று ஓராண்டு இருந்துவிட்டார். சிங்கப்பூரின் பரிசோதனை வழிமுறைப்படி எச்பிஏ1சி 6.0 வரை நீரிழிவு இல்லை, 7.0ம் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். இடையில் 6.1 முதல் 6.9 வரை இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையோ செய்தே தெளிய வேண்டும். அவர் அந்த இடைவெளியில் இருந்தார்.

இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். தலசீமியா போன்ற மரபுவழி ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. ரத்தசோகை நம் பெண்களிடம் அதிகம் என்பதால், இரண்டு அறிக்கைகளையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் உயர்வு, தாழ்வு என்ற குறி இல்லாவிட்டால் கவலை இல்லை என்று முடிவு செய்வதும் சரியன்று. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லுக்கு ஆய்வுக்கூட வரம்பு எல்லாருக்கும் ஒன்று, ஆனால் இலக்கு ஆளுக்கு ஆள் வேறு. நீரிழிவோ இதயநோயோ உள்ளவருக்கு இலக்கு மிகக் குறைவாக இருக்கும். குறியில்லாத அறிக்கையுடன் அவருக்கு மருந்து தேவைப்படலாம்.

10. இரண்டாவது சந்திப்பு

ரத்தம் கொடுத்த அன்றே, மருந்தகத்தை விட்டு வெளியேறுவதற்கு முன், முடிவு கேட்க வரும் தேதியை வாங்கிவிடுங்கள். அழைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கைப்பேசி எண் மாறியிருக்கும், குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்து படிக்கப்படாமல் கிடக்கும்.

போகும்போது மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த எண் போன முறையிலிருந்து மாறியிருக்கிறது, அதற்காக நான் இப்போது செய்ய வேண்டியது என்ன, அடுத்த சோதனை எப்போது. நம் மூத்தோர் மருத்துவர் சொல்வதற்கெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து “என்னம்மா சொன்னார்” என்று என்னிடம் கேட்பார்கள். உடன் ஒருவர் போய் எழுதிக்கொள்வது அதனால்தான்.

மலச் சோதனையில் ரத்தம் இருப்பதாக வந்தால் அடுத்த படி பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையே. மூலமாக இருக்கும், காரம் சாப்பிட்டதாக இருக்கும் என்று சொல்லி மலச் சோதனையையே மறுபடி செய்து, இல்லை என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் நான் சுட்டிக்காட்டும் தவறுகளிலேயே என்னை அதிகம் வருத்துவது இது. கசிவு விட்டுவிட்டு வருவது என்பதால், இரண்டாம் முறை இல்லை என்று வந்தது முதல் முடிவைப் பொய்யாக்காது. ரத்தம் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சிறு கட்டியாக இருந்தால், புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே உள்நோக்கிச் சோதனையின்போதே அகற்றிவிடலாம். மருத்துவச் சேமிப்பான மெடிசேவை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று மருத்துவமனையில் கேளுங்கள்.

ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டியிருந்தால், ஒருமுறை பார்த்ததை வைத்து மருந்து தொடங்கிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும், மேல்கையில் கட்டும் கருவியைக் கொண்டு வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிவரச் சொல்வார்கள். வீட்டில் சராசரி 135/85க்கு மேல் என்றால் உயர்வு என்று கொள்வார்கள்.

நீரிழிவு உறுதியானால், ஆண்டுதோறும் விழித்திரைப் படம், பாதச் சோதனை, சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுங்கள். கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்படுவது தொடக்கத்தில் எந்த வலியும் தராது.

11. பதிவேடு

ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் போதும். இடப்பக்கம் தேதி, எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், எச்பிஏ1சி, எல்டிஎல், கிரியேட்டினின் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் மருத்துவர் சொன்னதைத் தமிழில் எழுதுங்கள். அலகையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவது கட்டாயம். கடைசி வரியில் அடுத்த பரிசோதனையின் மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும், அதை அன்றே நாள்காட்டியிலும் குறித்துவிடுங்கள். பிஸ்கட் டின் மாமாவின் மகனுக்கு இப்போது 41 வயது. தந்தையின் அறிக்கைகளைப் பார்த்துத் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தை அவர் இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறார்.